எக்ஸ்டென்ஷன் முடிப் பராமரிப்பு: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் பார்லர் நடத்துகிறேன். எக்ஸ்டென்ஷன், அதாவது நீளமும் அடர்த்தியும் காட்டத் தலையில் சேர்க்கும் முடி, வைத்துவிடுவது சுலபம். வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் கேள்விகள் ஆரம்பிக்கும். யூடியூபில் சொல்லும் யோசனைகளில் பாதி வெயில் ஊருக்கானவை. நம் மலையில் முடியைக் கெடுப்பவை ஈரமும் கம்பளியும். அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன். எல்லாம் அசல் மனித முடிக்கு மட்டும். நைலான் சவுரிக்குச் சூடு ஆகாது, சாயம் பிடிக்காது. அதன் கதை வேறு.

அக்கா, நான் வாங்கினது அசல் முடிதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்பக்கத்திலிருந்து ஓர் இழையை உருவி, சாமி விளக்கில் இல்லாமல் தீக்குச்சியில் கொளுத்திப் பாருங்கள். மனித முடி சுருண்டு பொசுங்கும், முடி கருகும் நாற்றம் வரும், விரலால் தேய்த்தால் சாம்பலாக உதிரும். செயற்கை முடி உருகி நுனியில் மணி போல உறையும், பிளாஸ்டிக் வாடை அடிக்கும். ஒரே இடத்தில் எடுத்துப் பார்த்தால் போதாது. இரண்டையும் கலந்து விற்பவர்கள் உண்டு. நாலைந்து இடத்தில் எடுங்கள்.

அசல் முடி என்று தெரிந்ததும் இன்னொரு சோதனை. ஓர் இழையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவுங்கள், வழுவழுவென்று போகும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகத் தோல் இருப்பதால் அப்படி. எல்லா இழையும் ஒரே திசையில் வழுவழுப்பாக இருந்தால் அது ரெமி முடி. வேரும் நுனியும் கலந்து கிடந்தால் செதிலும் செதிலும் ஒன்றையொன்று கவ்வும். அந்த முடியை என்ன செய்தாலும் சிக்கு விழும், உங்கள் மேல் தப்பில்லை.

கடையில் கண்ணாடி போல மின்னுகிற முடியைப் பார்த்து மயங்காதீர்கள். அமிலத்தில் செதிலை உரித்துவிட்டு மேலே சிலிகான் பூசியிருப்பார்கள். நாலைந்து முறை அலசினால் பூச்சு போய்விடும், அப்புறம் தேங்காய் நார்தான்.

இது யாருடைய முடி? வைத்துக்கொள்ள மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

நியாயமான கேள்வி. நம்மில் பலர் பழனியிலோ திருத்தணியிலோ சமயபுரத்திலோ திருப்பதியிலோ குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தியவர்கள். அப்படிக் காணிக்கையாக இறக்கும் முடியைக் கோயில் நிர்வாகம் ஏலத்தில் விடுகிறது. வாங்குபவர்கள் நீளவாரியாகப் பிரித்து, கழுவி, சுத்திகரித்து அனுப்புகிறார்கள். நல்ல ரெமி முடியில் பெரும்பங்கு இப்படி வருவது. ஒரே தலையில் ஒரே மூச்சில் இறக்கியது என்பதால் வேர்ப்பக்கம் ஒன்றாகவே இருக்கும். இன்னொரு வகை, தெருவில் சைக்கிளில் வந்து பாத்திரத்துக்கோ காசுக்கோ சீப்பில் வந்த முடியை வாங்கிப்போவார்களே, அந்தச் சிக்கு முடி. விலை மலிவு, திசை கிடையாது.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. மணமான ஆசார யூதப் பெண்கள் தங்கள் முடியை மறைக்க விக் அணிவார்கள். 2004 மே மாதம் ஜெருசலேமின் மூத்த மதகுரு ஒருவர், இந்தியக் கோயிலில் இறக்கிய முடி தங்கள் மதப்படி ஆகாது என்று சொல்லிவிட, நியூயார்க்கின் புரூக்ளினில் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நம் பக்கம் வேண்டுதல் என்பது முடியை இறக்குவதோடு முடிகிறது. இறக்கின முடி பிறகு எங்கே போகிறது என்று யாரும் சாமியிடம் கணக்குக் கேட்பதில்லை. இது என் அபிப்பிராயம். மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். உங்கள் சீப்பு முடியையே சேர்த்துவைத்துச் சவுரி கட்டிக்கொள்ளலாம். நம் பாட்டிகள் அதைத்தான் செய்தார்கள்.

கிளிப், டேப், ரிங், தையல் என்று நாலைந்து சொல்கிறார்கள். எது நல்லது?

கல்யாணம், வளைகாப்பு, ஊர்த் திருவிழா என்று வருஷத்தில் சில நாள் மட்டும் வேண்டுமென்றால் கிளிப் போதும். காலையில் மாட்டி ராத்திரி கழற்றலாம். ஈரமான ஊரில் கழற்ற முடிவது பெரிய சௌகரியம். என்னைக் கேட்டால் மலையில் இருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் கிளிப்தான் சொல்வேன்.

டேப் ஒட்டினால் 6 முதல் 8 வாரத்தில் பார்லருக்கு வந்து கழற்றி மேலேற்றி ஒட்டவேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். அந்த அளவுக்கு டேப் கீழே இறங்கித் தொங்கும். பின்னலில் தைப்பதற்கும் ஏறக்குறைய அதே கெடு. கெரட்டின் என்னும் புரதப் பசையை உருக்கி ஒட்டுவது 3, 4 மாதம் நிற்கும். ஆனால் உங்கள் முடி மெலிசாக இருந்தால் அந்தப் பாரத்தைத் தாங்காது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அலசவேண்டும்?

கிளிப் முடியை 15, 20 தடவை மாட்டிய பிறகு அலசினால் போதும். தலையிலேயே இருக்கும் வகைகளுக்கு வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தினமும் தலைக்குக் குளித்தே பழகியவர்கள் டேப் பக்கம் போகவேண்டாம்.

சரி, எப்படி அலசுவது? விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் காய்ந்த முடியில் சிக்கெடுங்கள். ஈரத்தில் சிக்கெடுத்தால் முடி இழுபட்டு அறும். நுனியிலிருந்து நாலு விரல் உயரத்தைப் பிடித்துப் பெரிய பல் சீப்பால் சீவுங்கள். அது சுத்தமானதும் இன்னும் நாலு விரல் மேலே. கடைசியாகத்தான் தையல் பட்டிக்கு, அதாவது முடியை வரிசையாகத் தைத்திருக்கும் மேல் ஓரத்துக்கு, பக்கத்தில் போகவேண்டும், அப்போது மற்ற கை பட்டியை இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும்.

கிளிப் முடியாக இருந்தால் ஒரு பக்கெட்டில் கைக்கு இதமான தண்ணீர். சல்ஃபேட் இல்லாத ஷாம்புவை ஒரு ஸ்பூன் தண்ணீரிலேயே கரைத்துவிடுங்கள். முடியை மேலிருந்து கீழாக முக்கி எடுங்கள். துணி கசக்குவது போலக் கசக்கக் கூடாது, உருட்டக் கூடாது. பட்டியில் எண்ணெயும் பவுடரும் படிந்திருக்கும், அங்கே மட்டும் விரல்நுனியால் தேயுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் பட்டியை மேலே பிடித்து நுனி கீழே தொங்கும்படி அலசுங்கள். கன்டிஷனர் பாதி முடிக்குக் கீழே மட்டும். ஐந்து நிமிடம் விட்டு அலசி, பழைய காட்டன் துண்டில் வைத்து ஒற்றி எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள்.

தலையிலேயே இருக்கும் முடி என்றால் நின்றுகொண்டு குளியுங்கள். குனிந்து முன்னால் தள்ளி அலசினால் பின்கழுத்தில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இன்னொன்று: ஊட்டி மார்கழிக் குளிரில் ஆவி பறக்கும் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றுகிறோம் பாருங்கள், அது டேப் பசையை இளக்கும், கெரட்டின் ஒட்டையும் தளர்த்தும். உடம்புக்கு எவ்வளவு சூடு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளுங்கள், தலைக்கு விளாவிக்கொள்ளுங்கள்.

மலைத் தண்ணீரில் ஒரு விஷயம். நீலகிரி சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறையால் ஆன மலை, சுண்ணாம்புப் பாறை இல்லை. ஊற்றுத் தண்ணீரில் நுரை கொஞ்சத்திலேயே பொங்கும், போக நேரமாகும். ஷாம்புவைப் பாதியாகக் குறையுங்கள், அலசுவதைக் கூட்டுங்கள்.

கோயம்புத்தூர் போய் நாலு நாள் இருந்தால் முடி வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் கடைசியாக ஊற்றும் இரண்டு சொம்பை மட்டும் கேன் தண்ணீராக ஊற்றுங்கள். கிளிப் முடியை அங்கே அலசவே வேண்டாம், மேலே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் அலசினால் காயவே மாட்டேன் என்கிறது. ஒரு வாடையும் வருகிறது.

இதுதான் மலையின் பெரிய தலைவலி. கூடலூர், பந்தலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. ஒரு பக்கம் விட்டால் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும்.

முடி காய்ந்தது போலத் தெரியும், பட்டி காய்ந்திருக்காது. முடியை இறுக்கித் தைத்த அந்த மடிப்புக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வாடை அங்கிருந்துதான் வருகிறது. சோதிக்க ஒரு வழி: பட்டியை மேல் உதட்டில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சில்லிப்பு உதட்டுக்குத் தெரியும். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்.

துண்டில் ஒற்றிய பிறகு பட்டியை மட்டும் ஹேர் டிரையரின் குளிர்ந்த காற்றிலோ மிதமான சூட்டிலோ காட்டுங்கள். நுனியை வீட்டுக்குள் கொடியில் தொங்கவிடலாம், கிளிப் போட்ட ஹேங்கரில் மாட்டினால் இன்னும் நல்லது. விறகடுப்புக்கு மேலே, கணப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். சூட்டை விடப் புகைதான் மோசம். அந்த வாடை எத்தனை அலசு அலசினாலும் போகாது. ஹீட்டருக்கு முன்னால் நாற்காலியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போவதும் வேண்டாம்.

முழுக்கக் காய்ந்த பிறகு காட்டன் பையில் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். புது ஷூ டப்பாவிலும் ஹேண்ட்பேக்கிலும் வருவதே போதும். பாலித்தீன் கவரில் கட்டி பீரோவில் பூட்டினால் அடுத்த கல்யாணத்துக்கு எடுக்கும்போது மூக்கைப் பொத்தவேண்டி வரும். அந்துருண்டையை முடியோடு சேர்த்துப் போடாதீர்கள். மணப்பெண் தலையில் மல்லிகையும் அந்துருண்டையும் சேர்ந்து மணப்பதை முகூர்த்த மேடையிலேயே முகர்ந்திருக்கிறேன்.

எண்ணெய் வைக்கலாமா? எண்ணெய் வைக்காமல் என்னால் இருக்க முடியாது.

வைக்கலாம், இடம் பார்த்து. உங்கள் சொந்த முடிக்குத் தலைத்தோல் தானாகவே எண்ணெய் சுரந்து கொடுக்கும். எக்ஸ்டென்ஷன் வெட்டி எடுத்த முடி, அதற்குத் தோலின் தயவு கிடையாது. ஆகவே நுனிப்பக்கம் அதற்கு எண்ணெய் தேவைதான். உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஆர்கன் எண்ணெயோ சீரமோ தேய்த்து, காதுக்குக் கீழே தொடங்கி நுனிவரை தடவுங்கள். டேப், ஒட்டு, ரிங் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டுகூடக் கூடாது. பசை வழுக்கிவிடும். தேங்காய் எண்ணெய் இங்கே டிசம்பரில் பாட்டிலிலேயே கல்லாக உறைகிறது. முடியிலும் பிசுபிசுவென்று உறைந்து தூசியைச் சேர்க்கும். கிளிப் போடுபவர்கள் ராத்திரி கழற்றிய பிறகு உங்கள் தலைக்கு என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சளி பிடித்தால் நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடிப்போம். எக்ஸ்டென்ஷனுக்கு ஆகுமா?

டேப் ஒட்டியவர்களுக்கு ஆகாது. பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையை எடுக்கப் பஞ்சில் தைலம் நனைத்துத் துடைப்பார்கள் தெரியுமா? உங்கள் டேப்பில் இருப்பதும் ஒரு பசைதான். போர்வைக்குள் தலையை விட்டுத் தைல ஆவியை வாங்கினால் சூடும் தைலமும் சேர்ந்து ஒட்டை இளக்கும். சளி தாங்க முடியவில்லை என்றால் ஷவர் கேப் போட்டு முடியை மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் காட்டிப் பிடியுங்கள். உச்சந்தலையிலும் நெற்றியோரத்திலும் தைலம் தேய்க்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தால் மூக்குக்குப் போதும்.

பின்கழுத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கு?

ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி கேப். கம்பளி இழையும் முடியின் செதிலும் உரச உரசப் பந்தாகும். அதிலும் ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டு, ஸ்வெட்டரைக் கழற்றும்போதே முடி படபடவென்று எழுந்து நிற்கும். வெளியே கிளம்புமுன் தளர்வாகப் பின்னலிட்டு முன்பக்கம் போடுங்கள். மஃப்ளருக்கு உள்ளே ஒரு சாட்டின் துப்பட்டாவோ பழைய பட்டுத் துணியோ சுற்றிக்கொள்ளுங்கள். பட்டுப் புடவையில் கிழிந்த துண்டு வீட்டுக்கு வீடு இருக்கும், மங்கி கேப்பின் உள்புறம் அதை நாலு தையல் போட்டுவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கவலையில்லை.

பஸ்ஸில் போகும்போதும் இதே கதை. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தலைவிரித்துப் போனால் மசினகுடியில் இறங்கும்போது சீப்பு நுழையாது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகிறேன். வேலை நாளில் வைத்திருக்கலாமா?

வேண்டாம். கூடைப் பட்டை தலையில் அழுந்தும் இடமும் கிளிப் இருக்கும் இடமும் ஒன்று. வலிக்கும், முடியும் அறும். விசேஷ நாளுக்கு மட்டும் கிளிப் வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போது?

கிளிப் என்றால் கழற்றிவிடுங்கள். மற்ற வகை என்றால் ஒரே தளர்ந்த பின்னல், சாட்டின் தலையணை உறை. ஈரத்தலையோடு படுக்கவே கூடாது.

அயர்ன், கர்லர் போடலாமா?

போடலாம். 180 டிகிரியைத் தாண்டாதீர்கள், சாயம் ஏற்றிய முடிக்கு 150 போதும். சூடு தாங்கும் ஸ்ப்ரே முதலில். ஒட்டு இருக்கும் இடத்துக்கு இரண்டு விரல் கீழேதான் கருவி தொடவேண்டும். ஒட்டுக்குப் பக்கத்து முடியை நேராக்க முயன்று கெரட்டினை உருக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

சூடு இல்லாமலும் சுருட்டலாம். நம் மலையின் தோடர் பெண்கள் தலைமுடிக்கு வெண்ணெய் தடவி, குச்சியில் சுற்றிச் சுருள் சுருளாகத் தோளில் விழவிடுவார்கள். கரண்டும் இல்லை, கர்லரும் இல்லை. எக்ஸ்டென்ஷனுக்கு வெண்ணெய் வேண்டாம். லேசாக ஈரப்படுத்தி, துணித்துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டுக் காயவிட்டு அவிழுங்கள். மனித முடி நன்றாகவே சுருள் பிடிக்கும். மழைநாளில் மட்டும் மூடுபனி பட்டதும் சுருள் இறங்கிவிடும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சாயம், மருதாணி?

உங்கள் முடியின் நிறத்துக்கு எக்ஸ்டென்ஷனைக் கருப்பாக்கலாம். வெளுக்க முயலாதீர்கள், ஏற்கெனவே தொழிற்சாலையில் ஒருமுறை வெளுத்துச் சாயம் ஏற்றிய முடியாக இருக்கும், இன்னொரு ப்ளீச் தாங்காது. மருதாணி நுனியை வறட்டும். பழுப்பு, சிவப்புச் சாயம் இங்கே சீக்கிரம் வெளுக்கும். குளிராக இருப்பதால் வெயில் தெரியாது, ஆனால் ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது.

கல்யாணத்துக்குச் சடை நாகம், பூச்சடை எல்லாம் வைப்பார்கள். தாங்குமா?

பூச்சடையின் பாரத்தை எக்ஸ்டென்ஷனில் ஏற்றாதீர்கள். முதலில் உங்கள் சொந்த முடியைக் கொஞ்சம் எடுத்து வேரில் இறுக்கமான சிறு பின்னலாகப் போடச் சொல்லுங்கள், கிளிப் அதன் மேல் மாட்டப்படட்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னி, பூவை ஊசியால் பின்னலோடு கட்டவேண்டும். ராக்கொடி, ஜடைபில்லை போன்றவற்றின் கொக்கி எக்ஸ்டென்ஷன் பட்டியில் மாட்டினால் கழற்றும்போது கொத்தாக வரும். ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும் பூவை எடுத்துவிட்டுப் படுங்கள். நசுங்கிய மல்லிகையின் ஈரம் பட்டிக்குள் இறங்கும். ஹேர் ஸ்ப்ரேயைச் சீப்பால் உடைக்காமல் மறுநாள் அலசிக் கரையுங்கள்.

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. டேப் ஒட்டி மறைக்கலாமா?

இப்போது வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டுவது சகஜம், பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் திரும்ப வளரும். ஏற்கெனவே உதிரத் தயாராக இருக்கும் முடியில் பாரத்தைக் கட்டினால் இருப்பதும் போகும். எங்காவது போகும் நாளுக்கு உச்சியில் வைக்கும் சிறிய டாப்பர் போதும். ஒரு வருஷம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க டாக்டரிடம் போங்கள், பார்லருக்கு அல்ல.

டேப்பைக் கழற்றினபோது கைநிறைய என் முடியே வந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடி உதிரும். மற்ற நாளில் சீப்பிலும் குளியலறையிலும் போகும். ஒட்டில் மாட்டிய முடி உதிர்ந்தாலும் கீழே விழ வழியில்லாமல் அங்கேயே நிற்கும், கழற்றும்போது இரண்டு மாதக் கணக்கு மொத்தமாக வரும். நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் இயல்பாக உதிர்ந்தது. பாதியில் அறுந்த முடியாக இருந்தால் கழற்றிய விதம் சரியில்லை.

ஆனால் நெற்றியோரமும் காதோரமும் முடி மெலிந்தால், வேரில் சிறு கொப்புளம் வந்தால், வைத்த இரண்டாம் நாளும் தலை வலித்தால், உடனே கழற்றிவிடுங்கள். தொடர்ந்து இழுபட்டால் வேரே செத்துப்போய் அந்த இடம் வழுக்கையாக நின்றுவிடும். "பழகிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், பார்லர்காரி சொன்னாலும்.

நாத்தனார் கல்யாணத்துக்குக் கேட்கிறாள். இரவல் கொடுக்கலாமா?

கொடுக்காமல் இருப்பது உத்தமம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், திரும்பி வந்ததும் அலசிக் காயவைத்து மூன்று நாள் பையில் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். பேன் தலையை விட்டு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது.

எவ்வளவு காலம் உழைக்கும்? பழசானால் தூக்கிப் போடவேண்டியதுதானா?

எப்போதாவது போடும் நல்ல ரெமி கிளிப் முடி சில வருஷம் வரும். தினம் தலையில் இருப்பது ஒரு வருஷம் தாண்டினாலே நல்ல வரவு. நுனி வெடித்து மெலிந்தால் முழுசையும் கழிக்காதீர்கள். நாலு அங்குலம் வெட்டிவிட்டால் மேல்பாதி புதிதாகவே இருக்கும், குட்டை முடிக்காரர்களுக்கு அடர்த்தி காட்ட உதவும். அதுவும் முடியாத நிலைக்குப் போனால் பட்டியைச் சுருட்டி ஹேர்நெட்டுக்குள் திணித்து நாலு தையல் போடுங்கள், கொண்டைக்கு உள்ளே வைக்க கடையில் விற்கும் ஸ்பாஞ்சை விட அது நிற்கும், உங்கள் முடி நிறத்திலேயே இருப்பதால் வெளியே தெரியவும் தெரியாது. கிளிப்புகளை மட்டும் பிரித்து எடுத்து வையுங்கள். நல்ல கிளிப் தனியாக வாங்குவது லேசில்லை.